கொலையாளி அகப்பட்டான், ரசிகர் எழுந்து போனார்!

"லாரா பால்மரைக் கொன்றது யார்?"

1990-ம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆபீசில் கேட்டார்கள். காப்பிக் கடையில் கேட்டார்கள். பத்திரிகைகளும் கேட்டன.

லாரா பால்மர் என்று ஒரு பெண் உண்மையில் இல்லை. அவள் கதையில் வரும் பெண். "ட்வின் பீக்ஸ்" என்ற டெலிவிஷன் தொடரில் வரும் 17 வயது மாணவி. "ட்வின் பீக்ஸ்" என்றால் இரட்டைச் சிகரம் என்று பொருள். அது அந்தக் கதையில் வரும் ஊரின் பெயர்.

கதைதான்! ஆனாலும் அந்தக் கேள்வி பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு அதே கேள்வி பலருக்கு எரிச்சலைக் கொடுத்தது. விடை கிடைத்ததும் பலர் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனார்கள். பல ஆண்டுகள் கழித்து, போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

அப்படிப்பட்ட ரசிகர் ஒருவரை எடுத்துக் கொள்ளலாம். 1990-ல் அவருக்கு 20 வயது. அவருக்குப் பெயர் தேவை இல்லை. லட்சக்கணக்கானவர்களின் மனம் போன போக்கை ஒருவர் மேல் ஏற்றிச் சொன்னால், அந்த ஒருவர்தான் இவர்.

இந்த ஒரே தொடரைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் பல முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும், கடைசியாக அவர் எங்கே வந்து நின்றாரோ, அதுதான் சரியான இடம்.

கரையில் கிடந்த பிணம்

1990-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஏ.பி.சி. டெலிவிஷன் நிறுவனம் முதல் கதையை ஒளிபரப்பியது. 3 கோடிக்கும் அதிகமான பேர் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சுற்றிலும் காடு. மரம் அறுக்கும் ஆலை. பனி மூட்டம். காலையில் மீன் பிடிக்கப் போன ஒருவர், கரையில் ஏதோ கிடப்பதைப் பார்க்கிறார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பிணம்! தாளை விலக்கினால், லாராவின் முகம்!

லாரா அந்த ஊரின் செல்லப் பெண். பள்ளிக்கூடத்தில் அழகு ராணி. முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பவள். அவளைக் கொல்ல யாருக்கு மனம் வந்தது?

லாராவின் தந்தை லீலண்ட். அவர் வக்கீல். ஓட்டலில் ஒரு கூட்டத்தில் இருக்கிறார். "மகளைக் காணவில்லை" என்று மனைவி டெலிபோனில் பதறுகிறாள். அதே நேரத்தில் போலீஸ் அதிகாரி ஓட்டலுக்குள் நுழைகிறார். அவர் முகத்தைப் பார்த்ததுமே லீலண்டுக்குப் புரிந்து விடுகிறது. டெலிபோன் கையிலிருந்து நழுவுகிறது. தாய் அலறும் குரல் அதன் வழியாகக் கேட்டுக் கொண்டே இருக்கிறது.

ரசிகர் கண் கலங்கினார். அந்தத் தந்தையோடு சேர்ந்து அவரும் அழுதார்.

இதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

காப்பி குடிக்கும் துப்பறிவாளர்

கொலையை விசாரிக்க எப்.பி.ஐ. என்ற மத்திய துப்பறியும் இலாகாவிலிருந்து ஒருவர் வருகிறார். பெயர் டேல் கூப்பர். கைல் மக்லாக்லன் என்ற நடிகர் அந்த வேடத்தில் நடித்தார்.

கூப்பர் ஒரு விசித்திரப் பிறவி. நல்ல காப்பி கிடைத்தால் குழந்தையைப் போலக் குதூகலிப்பார். செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பணியாரம் என்றால் உயிர். எதைப் பார்த்தாலும் சிறிய டேப் ரிக்கார்டரில் பேசிப் பதிவு செய்வார். சந்தேகப்படும் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, தூரத்தில் உள்ள கண்ணாடிப் புட்டியின் மீது கல்லை விட்டெறிவார். எந்தப் பெயருக்குப் புட்டி உடைகிறதோ, அந்த ஆளை விசாரிக்க வேண்டுமாம்!

இப்படி ஒரு துப்பறிவாளரை யாரும் பார்த்ததில்லை. ரசிகர் சொக்கிப் போனார். "இதைப் போல ஒரு தொடர் வந்ததே இல்லை" என்று எல்லோரிடமும் சொன்னார். அதுதான் அவருடைய முதல் அபிப்பிராயம்.

ஒரு நாள் இரவு கூப்பர் கனவு காண்கிறார். சிவப்புத் திரை தொங்கும் ஒரு அறை. அதில் லாரா வருகிறாள். அவர் காதருகே குனிந்து, கொலையாளியின் பெயரைச் சொல்கிறாள். என்ன பெயர் என்பது ரசிகர்களின் காதில் விழவில்லை.

கூப்பர் திடுக்கிட்டு எழுகிறார். போலீஸ் அதிகாரிக்குப் போன் செய்கிறார். கொலையாளி யார் என்று தெரிந்து விட்டதாம். ஆனால் காலையில்தான் சொல்வாராம்!

ரசிகர் ஒரு வாரம் காத்திருந்தார். அடுத்த வாரம் வந்தது. கூப்பர் சொன்னார்: அந்தப் பெயர் மறந்து போய்விட்டது!

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ரசிகர் அப்போது சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு சிறு முள் தைத்தது.

கோடை போயிற்று, விடை வரவில்லை

மே 23-ந் தேதி முதல் பாகம் முடிந்தது. முதல் கதையையும் சேர்த்து எட்டு வாரக் கதைகள். கொலையாளி யார் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கூப்பரையே யாரோ சுட்டு விட்டார்கள்!

அமெரிக்க ரசிகர்களுக்கு இது புதிது அல்ல. 10 ஆண்டுகளுக்கு முன் "டல்லாஸ்" என்ற தொடரில் இதே வேலையைச் செய்திருந்தார்கள். அதில் ஜே.ஆர். என்ற பணக்கார வில்லனை யாரோ சுட்டு விடுவார்கள். அது 1980-ம் ஆண்டு மார்ச் மாதம். சுட்டது யார் என்று நவம்பர் மாதம் சொன்னார்கள். எட்டு மாதம் காத்திருந்த ரசிகர்கள் விடையைக் கேட்டுக் கை தட்டினார்கள்.

ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜே.ஆர். ஒரு போக்கிரி. அவன் சாகவும் இல்லை. சுட்டது யார் என்பது வெறும் விடுகதை. இங்கே செத்துக் கிடப்பது ஒரு பெண் குழந்தை. இது விடுகதை அல்ல.

இந்த வித்தியாசம் அன்று ரசிகருக்குத் தோன்றவில்லை. டெலிவிஷன் நிறுவனத்துக்கும் தோன்றவில்லை. "யார், யார்?" என்ற ஒரே கேள்வியைக் காட்டித்தான் தொடருக்கு விளம்பரம் நடந்தது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சாவை விடுகதை ஆக்கினார்கள்.

குண்டடிபட்டவருக்குப் பால்!

செப்டம்பர் 30-ந் தேதி இரண்டாம் பாகம் தொடங்கியது. ரசிகர் முன்கூட்டியே வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து விட்டார்.

கூப்பர் குண்டடிபட்டுத் தரையில் கிடக்கிறார். ஓட்டல் சிப்பந்தியான ஒரு கிழவர், ஒரு டம்ளர் பாலோடு உள்ளே வருகிறார். "டாக்டரைக் கூப்பிடு" என்கிறார் கூப்பர். கிழவருக்கு அது ஏறவில்லை. பாலை வைக்கிறார். டெலிபோனைத் திரும்ப வைக்கிறார். பில்லில் கையெழுத்து கேட்கிறார். போகிறார். திரும்பி வருகிறார். கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். மறுபடி போகிறார்!

நிமிடங்கள் ஓடுகின்றன. பிறகு ஒரு ராட்சத மனிதர் தோன்றுகிறார். மூன்று துப்புகள் தருகிறார். அதில் ஒன்று, "பையில் ஒரு மனிதன் சிரிக்கிறான்" என்பது. இதற்கு என்ன அர்த்தம்? மருத்துவமனையில் பிணம் எடுத்து வரும் பை ஒன்று சுவரில் தொங்கும். அதன் வளைவு, சிரிக்கும் வாய் மாதிரித் தெரியும். அவ்வளவுதான்!

ரசிகருக்குக் கோபம் பொங்கியது. "நான்கு மாதம் காக்க வைத்து விட்டு, பாலைக் காட்டுகிறார்களே! இவர்களுக்கே விடை தெரியாது போல் இருக்கிறது!" என்றார்.

பலரும் அப்படித்தான் சொன்னார்கள். தொகை தொகையாகப் பார்ப்பதை நிறுத்தினார்கள். போதாக்குறைக்கு, நிறுவனம் இந்தத் தொடரைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றியது. இளைஞர்கள் வீட்டில் தங்காத இரவு அது.

ரசிகரின் கோபம் நியாயமானதா? நியாயமானதுதான்.

"யார் கொன்றது?" என்று கேட்டுக் கதையைத் தொடங்குகிறவர் ஒரு கடன் வாங்குகிறார். கேட்பவர் தன் நேரத்தைக் கடனாகக் கொடுக்கிறார். கடனை எப்போது தீர்ப்பது என்பது கதை சொல்கிறவரின் இஷ்டம். ஆனால் கடன் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

கண்ணாடியில் தெரிந்த முகம்

கடைசியில் விடை வந்தது. 1990-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி. சனிக்கிழமை இரவு.

லாராவின் வீடு. தாய் மயங்கிக் கிடக்கிறாள். தந்தை லீலண்ட் கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரி செய்கிறார். கண்ணாடியில் தெரிவது அவர் முகம் அல்ல! நீண்ட நரைத்த தலைமயிருடன் பல்லைக் காட்டும் வேறு ஒருவனின் முகம்!

அவன் பெயர் பாப். மனிதருக்குள் புகுந்து ஆட்டி வைக்கும் தீய ஆவி என்று கதை சொல்கிறது. கொன்றவர் லீலண்ட். பெற்ற தந்தை! அன்று இரவே, லாராவின் சாயலில் இருக்கும் உறவுக்காரப் பெண் மேடியையும் அவர் கொன்று விடுகிறார். லாராவாக நடித்த ஷெரில் லீதான் மேடியாகவும் நடித்தார். அதனால் லாரா மறுபடி சாவதைப் பார்ப்பது போலவே இருந்தது.

ரகசியம் வெளியே போகாமல் இருக்க, அந்தக் கொலைக் காட்சியை வேறு நடிகர்களை வைத்தும் படம் பிடித்திருந்தார்கள். லீலண்டாக நடித்த ரே வைசுக்கே, தான்தான் கொலையாளி என்பது வெகு நாட்கள் வரை தெரியாது.

அந்தக் கொலை நடக்கும் நேரத்தில், ஊரில் வேறொரு இடத்தில் பாட்டுக் கச்சேரி நடந்து கொண்டிருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்குக் கொலை நடப்பது தெரியாது. ஆனால் ஒரு பெண் காரணம் தெரியாமல் அழத் தொடங்குகிறாள். பால் கொண்டு வந்த கிழவர் எழுந்து வந்து, கூப்பரின் தோளைத் தொட்டு வருத்தம் தெரிவிக்கிறார். சிரிப்பு மூட்டிய அதே கிழவர்!

ரசிகர் அதிர்ந்து போனார். முதல் நாள் யாரோடு சேர்ந்து அழுதாரோ, அந்த மனிதர்தான் கொலையாளி. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

இதற்கு இடையில் லீலண்ட் எத்தனை முறை அழுதார்! மகளின் படத்தைக் கட்டிக் கொண்டு ஆடினார். சவக்குழியில் பெட்டியின் மேல் விழுந்தார். பெட்டியை இறக்கும் எந்திரம் பழுதாகி, பெட்டி மேலும் கீழும் போய் வந்தது. ரசிகர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருந்தார். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசியது.

மூன்று நாளில் மறந்த ஊர்

டிசம்பர் 1-ந் தேதி ஒளிபரப்பான கதையில் லீலண்ட் பிடிபடுகிறார். செய்ததை நினைத்து அழுது கொண்டே, போலீஸ் காவலில் சாகிறார்.

கேள்வி கேட்டாயிற்று. விடையும் வந்தாயிற்று. இனி என்ன?

தொடருக்குச் சரிவு தொடங்கியது இங்கேதான்.

அடுத்த வாரக் கதையில் மூன்று நாட்கள் கழிந்து விடுகின்றன. லீலண்டின் சாவுக்கு ஊர் கூடிச் சாப்பிடுகிறது. அங்கே இரண்டு கிழவர்கள் சண்டை போடுகிறார்கள். எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். மகளையும் கணவரையும் இழந்த தாய் சாரா அதன் பிறகு கதையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போகிறாள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தனக்கு 18 வயது என்று நினைத்துக் கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். பழைய பகை கொண்ட ஒருவன் சதுரங்கம் ஆடிக் கொண்டே கொலை செய்கிறான்.

லாரா எங்கே? யாருக்கும் நினைவு இல்லை.

ரசிகர் எழுந்து போனார். "கொலையாளியைத்தான் கண்டுபிடித்தாயிற்றே, இனி என்ன பார்ப்பது?" என்றார். அது அவருடைய மூன்றாவது அபிப்பிராயம்.

1991-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நிறுவனம் தொடரை நிறுத்தி வைத்தது. விடாத ரசிகர்கள் சங்கம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். மார்ச் கடைசியில் தொடர் மறுபடி வந்தது. ஆனால் ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிட்டது. ஜூன் 10-ந் தேதி கடைசிக் கதை. அதில் நல்லவரான கூப்பரின் உருவத்தில் பாப் வெளியே வருகிறான். கண்ணாடியில் மண்டையை மோதிக் கொண்டு சிரிக்கிறான். அத்துடன் திரை விழுந்தது.

மொத்தம் 30 வாரக் கதைகள். முடிவு, இன்னொரு கேள்வி!

யார் சொன்னது சரி?

தொடரை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் சினிமா டைரக்டர் டேவிட் லிஞ்ச். மற்றவர் எழுத்தாளர் மார்க் பிராஸ்ட். தொடர் படுத்ததற்குக் காரணம் என்ன என்பதில் இருவருமே ஒத்துப் போகவில்லை.

கொலையாளி யார் என்று சொல்லியிருக்கவே கூடாது என்பது லிஞ்சின் கட்சி. நிறுவனம் நெருக்கியதால் சொல்ல நேர்ந்தது. அதோடு பொன் முட்டையிடும் வாத்தைக் கொன்று விட்டார்கள் என்று அவர் பிற்காலத்தில் வருத்தப்பட்டார். ரசிகர்களுக்கு விடை சொல்லும் கடமை உண்டு என்று பிராஸ்ட் நினைத்தார்.

ரசிகரும் இந்த இரண்டு கட்சிக்கும் மாறி மாறிப் போய் வந்தார். "சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டும்" என்பார். "சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்பார்.

உண்மையில் தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்கு ஒரு அத்தாட்சி உண்டு. முதல் கதையை எடுத்தபோதே, ஐரோப்பாவில் வீடியோவாக விற்பதற்காக வேறொரு முடிவையும் எடுத்திருந்தார்கள். தனிச் சினிமாவாக அது முடிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த முடிவில் விடை உடனே கிடைத்து விடுகிறது. பாப் என்ற அந்நியன்தான் கொன்றவன். மருத்துவமனையின் அடித்தளத்தில் அவனைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். கதை முடிந்தது!

அந்த விடையில் ரசிகருக்குக் காத்திருப்பு இல்லை. எரிச்சல் இல்லை. ஏமாற்றம் இல்லை. ஆனால் நெஞ்சில் நிற்க ஒன்றும் இல்லை. எங்கிருந்தோ வந்தவன் கொன்றான், அவனும் செத்தான் என்றால், ஊரில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

டெலிவிஷனில் வந்த விடை அப்படிப்பட்டது அல்ல. கொன்றவன் அதே வீட்டில் இருந்தான். ஒரே மேஜையில் சாப்பிட்டான். சிறு வயது முதலே மகளைச் சீரழித்து வந்தான். அவள் பயத்தை யாரும் பார்க்கவில்லை. இந்த விடையைச் சொன்னது தவறே அல்ல. இதைச் சொல்லாமல் மூடி வைத்திருந்தால்தான் தவறு.

ஆகவே, தாமதம் குற்றம் அல்ல. விடை சொன்னதும் குற்றம் அல்ல. இவ்வளவு பெரிய விடையைச் சொல்லிவிட்டு, அழுவதற்கு நேரம் தராமல் வேடிக்கை காட்டப் போனதே குற்றம். அந்தத் தாயின் வீட்டில் கதை இன்னும் சில வாரம் தங்கியிருக்க வேண்டும். அப்பாவைப் பற்றி ஊர் என்ன பேசிற்று? பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்கள்? அதையெல்லாம் காட்டியிருந்தால் ரசிகர் எழுந்து போயிருக்க மாட்டார்.

வசை வாங்கிய படம்

லிஞ்சுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 1992-ம் ஆண்டில் அவர் "ட்வின் பீக்ஸ்: பயர் வாக் வித் மீ" என்ற சினிமாவை எடுத்தார். லாரா சாவதற்கு முந்திய ஏழு நாட்களின் கதை. அதுவரை பிணமாகவும் போட்டோவாகவும் இருந்த பெண், இதில் பேசுகிறாள், சிரிக்கிறாள், நடுங்குகிறாள்.

ரசிகர் டிக்கட் வாங்கிக் கொண்டு போனார். கூப்பரின் கதி என்ன என்று தெரிந்து கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். படத்தில் அது இல்லை. காப்பியும் இல்லை, பணியாரமும் இல்லை, வேடிக்கையும் இல்லை.

சாப்பாட்டு மேஜைக் காட்சி ஒன்று வருகிறது. சாப்பிட உட்கார்ந்த மகளின் கையைப் பிடித்து, நகத்தில் அழுக்கு இருக்கிறது என்கிறார் தந்தை. ஏன் கை கழுவவில்லை என்று குடைகிறார். கையை விடுவதே இல்லை. "போதும், விட்டு விடுங்கள்" என்று தாய் கெஞ்சுகிறாள். வெளியே இருந்து பார்த்தால் சாதாரணக் கண்டிப்பு. மகளின் கண்ணைப் பார்த்தால் மரண பயம்!

தொடரில் பாப் என்ற ஆவியின் மேல் பாதிப் பழியைப் போட்டிருந்தார்கள். "ஆவி புகுந்தது, பாவம் அந்த மனிதர்" என்று ரசிகர் தேற்றிக் கொள்ள முடிந்தது. படம் அந்த ஆறுதலைப் பறித்து விட்டது.

பத்திரிகைகள் படத்தைத் திட்டின. அமெரிக்காவில் வசூலும் இல்லை. ரசிகரும் பாதி வழியில் முணுமுணுத்தார். "தெரிந்த கதையை எதற்கு மறுபடி காட்ட வேண்டும்? காசு பறிக்கும் வேலை!" என்றார். அது நான்காவது அபிப்பிராயம்.

காலம்தான் அந்தப் படத்துக்குத் தீர்ப்பு எழுதியது. பிறகு வந்தவர்கள் அதைத் தொடரின் இதயம் என்று கொண்டாடத் தொடங்கினார்கள். "கொன்றது யார்?" என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அவர்கள் லாராவைப் பார்த்தார்கள்.

25 ஆண்டுகளுக்குப் பிறகு

2017-ம் ஆண்டு மே 21-ந் தேதி. "ஷோடைம்" என்ற டெலிவிஷன் நிறுவனத்தில் ட்வின் பீக்ஸ் மறுபடியும் தொடங்கியது. 18 பகுதிகள். எல்லாவற்றையும் லிஞ்சே டைரக்ட் செய்தார். பழைய நடிகர்கள் பலர் நரைத்த தலையோடு வந்தார்கள்.

ரசிகருக்கு இப்போது 47 வயது. அவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருக்கிறாள்.

எரிச்சல் பழையபடிதான். கூப்பர் வருகிறார். ஆனால் சுய நினைவு இல்லாமல் வருகிறார். அவர் சரியாகப் பேசுவதற்கே 16-வது பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு ஆள் தரையைப் பெருக்கிக் கொண்டே இருக்கும் காட்சி நிமிடக் கணக்கில் ஓடுகிறது.

ரசிகர் இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

நான்காவது பகுதியில் ஒரு சிறு காட்சி. லாராவின் காதலனாக இருந்த பாபி இப்போது போலீஸ்காரர். பழைய தஸ்தாவேஜுகளை மேஜை மேல் பரப்பியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்த பாபி, அதில் லாராவின் போட்டோவைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. முகம் கோணி அழுகிறார்.

பழைய தொடரில் இதே பாபிதான், இளைஞனாக இருந்தபோது, லாராவின் சவ அடக்கத்தில் ஊராரைப் பார்த்துக் கத்தினான். அவள் கஷ்டத்தில் இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, நாம் எல்லோரும்தான் அவளைக் கொன்றோம் என்பது அவன் சொன்னதன் சாரம். 1990-ல் ரசிகர் அதைக் காதில் வாங்கவில்லை. கோபக்காரப் பையனின் உளறல் என்று நினைத்தார். அவர் தேடியது ஒரே ஒரு பெயர். "எல்லோரும்" என்பது பெயர் ஆகாதே!

விடை மூன்றாவது வாரத்திலேயே சொல்லப்பட்டு விட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசிப் பகுதி செப்டம்பர் 3-ந் தேதி வந்தது. லாராவைக் காப்பாற்ற, கூப்பர் பழைய காலத்துக்கே திரும்பிப் போகிறார். காட்டில் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வரப் பார்க்கிறார். அவள் மறைந்து போகிறாள். வேறு பெயரில் வாழும், அவளைப் போன்ற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, லாராவின் பழைய வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். தெருவில் நின்று, இது என்ன வருஷம் என்று கூப்பர் விழிக்கிறார். வீட்டுக்குள்ளிருந்து தாயின் குரல் மெல்லக் கேட்கிறது. அந்தப் பெண் வீறிட்டு அலறுகிறாள். விளக்குகள் அணைகின்றன. கதை முடிகிறது.

மறுபடியும் விடை இல்லை! 20 வயதில் என்றால் ரசிகர் பெட்டியை உடைத்திருப்பார்.

47 வயதில் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். துப்பறிகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கொலைக்குப் பிறகு வருகிறவர்தான். பெயரைக் கண்டுபிடிக்க அவரால் முடியும். நடந்ததை நடக்காததாக ஆக்க அவரால் முடியாது. அந்த அலறல் அதைத்தான் சொன்னது.

பார்த்தவருக்கு என்ன லாபம்?

இப்போது இந்தத் தொடர் நல்லதா, கெட்டதா?

குறை உண்டு. இரண்டாம் பாகத்தின் பின்பாதியில் பல வாரங்கள் வீண். அதை யாரும் மறைக்க வேண்டியது இல்லை. விடைக்குப் பிறகு லாராவை மறந்தது பெரிய பிழை. 1991-ல் எழுந்து போனவர்கள் ரசனை இல்லாதவர்கள் அல்ல.

ஆனால் எரிச்சல் மூட்டுவது எல்லாமே கெட்டது என்றும் சொல்லி விட முடியாது. மர்மக் கதை பெரும்பாலும் ஒரு தாலாட்டு. கொலை நடக்கும். புத்திசாலி ஒருவர் வருவார். குற்றவாளியைக் காட்டுவார். விளக்கை அணைத்து விட்டுத் தூங்கலாம். ட்வின் பீக்ஸ் தூங்க விடவில்லை. அது ரசிகரின் நேரத்தைத் திருடியது உண்மை. பதிலுக்கு அவர் கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிற்று.

டேவிட் லிஞ்ச் 2025-ம் ஆண்டு ஜனவரியில், 78-வது வயதில் காலமானார். கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் இனி யாரும் கேட்க முடியாது. கேட்டபோதும் அவர் சொன்னதில்லை!

அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தக் காட்சியை விட முக்கியமான ஒன்று முதல் நாளிலிருந்தே கண் முன்னால் இருந்தது. நல்ல குடும்பம், நல்ல வேலை, நல்ல வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு பெண் குழந்தை பயந்து கொண்டே வளர்ந்தாள். அம்மா பார்த்தும் பாராமல் இருந்தாள். சிநேகிதி கேட்கவில்லை. பள்ளிக்கூடம் அவளுக்குக் கிரீடம் சூட்டியது. டாக்டர் இருந்தார், போலீஸ் இருந்தது, ஊர் இருந்தது. அவள் செத்த பிறகு எல்லோரும் கூடி, "யார்? யார்?" என்று கேட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சாப்பிடும்போது குழந்தை ஏன் தலை குனிந்தே இருக்கிறது? குறிப்பிட்ட ஒருவர் வந்தால் ஏன் அறைக்குள் ஓடுகிறது? நன்றாகப் பேசிக் கொண்டிருந்த பெண் ஏன் திடீரென்று ஊமையானாள்? இவையும் மர்மங்கள்தான். இவற்றைத் துப்பறிய எப்.பி.ஐ. வர வேண்டியது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் போதும்.

கேட்கிற நேரம், குழந்தை உயிரோடு இருக்கும் நேரம்.